மதுரை எரிந்த பிறகு: சிலம்பு சொல்லும் பழியின் கணக்கு



சிலப்பதிகாரம் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவள் ஒரு பெண். விரிந்த கூந்தல், உயர்த்திய கையில் ஒற்றைச் சிலம்பு, குற்றம் சாட்டும் விரல். சென்னை மெரினா கடற்கரையில் 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது எழுப்பப்பட்ட அந்தச் சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டது. 2006-ல் மீண்டும் அதே கடற்கரைக்குத் திரும்பி வந்தது. மேடைப் பேச்சாளர்கள் முழங்குவதும், பள்ளி ஆண்டு விழாக்களில் நம் பிள்ளைகள் நடித்துக் காட்டுவதும் இந்தக் காட்சியைத்தான். அரசன் மயங்கி விழுகிறான், மதுரை எரிகிறது, கைதட்டல் எழுகிறது, திரை விழுகிறது.

ஆனால் இளங்கோவடிகள் அங்கே திரையை இறக்கவில்லை. முப்பது காதைகள் கொண்ட அந்தக் காப்பியத்தில் மதுரை எரிவது 22-ஆம் காதையில். அதற்குப் பிறகு இன்னும் எட்டுக் காதைகள் இருக்கின்றன. பழிவாங்கிய பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்ல ஒரு கவிஞர் தம் நூலில் இவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார் என்றால், அதில் நாம் கவனிக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கத்தானே வேண்டும்? உ.வே. சாமிநாதையர் 1892-ல் இந்நூலை அச்சேற்றித் தந்ததிலிருந்து எத்தனையோ அறிஞர்கள் இப்பகுதியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும் பொதுமக்களாகிய நம் நினைவில் கதை தீயோடு முடிந்துவிடுகிறது. தீ நமக்குப் பிடித்திருக்கிறது என்பதுதான் காரணமோ என்னவோ!

முதலில் கண்ணகியின் வழக்கைப் பார்ப்போம். அவள் கேட்டது நீதி. அதில் ஐயமே இல்லை. அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். தன் களவை மறைக்க, சிலம்பு விற்க வந்த அயலூர்க்காரன் கோவலன் மேல் பழியைப் போட்டான். பாண்டியன் நெடுஞ்செழியனோ, ஊடல் கொண்ட அரசியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருந்த அவசரத்தில், சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டு வாருங்கள் என்று காவலரிடம் சொல்லிவிட்டான். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, அந்த மனிதனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கணவனை இழந்தவள் அரசவைக்கு வந்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொல்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அரசன். சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. அரசன் தன் தவறை அந்த நொடியில் உணர்கிறான். நானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு அரியணையிலிருந்து விழுந்து உயிர் விடுகிறான். அரசியும் உடனே இறக்கிறாள்.

இதைப்போல முழுமையான வெற்றி எந்த வழக்கிலும் எவருக்காவது கிடைத்திருக்கிறதா? குற்றம் நிரூபிக்கப்பட்டது. குற்றவாளி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். யாரும் கை வைக்காமலே தண்டனையும் நிறைவேறிவிட்டது. நீதிக்கு அங்கே மிச்சம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் கண்ணகி தன் இடக் கொங்கையைத் திருகி எறிந்து நகரைக் கொளுத்துகிறாள்.

அந்தக் கோபத்திலும் அவள் ஒரு வரம்பு வைக்கிறாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்தணர், அறவோர், பசுக்கள், கற்புடைய பெண்கள், முதியோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் போ என்று தீக்கடவுளுக்குக் கட்டளையிடுகிறாள். ஆனால் அடுத்த காட்சியில் தானியக் கடைத்தெருவும் தேரோடும் வீதியும் ஊரின் தெருக்கள் எல்லாமும் கலங்குகின்றன. நகரைக் காத்துவந்த தெய்வங்களே வெளியேறிவிடுகின்றன. தீக்கு முகவரி கொடுத்து அனுப்ப முடியாது என்பதை, மலையடிவாரத்தில் கோடைத் தீ பார்த்துப் பழகிய நம் காவலூர்ப் பகுதி மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். இத்தனைக்கும் காரணமான அந்தப் பொற்கொல்லன் என்ன ஆனான் என்று நூல் தனியாகச் சொல்லவே இல்லை. ஊர் எரிந்தது. உண்மைத் திருடன் கதையிலிருந்து எப்படியோ நழுவிவிட்டான்.

எரியும் நகரில் வழி தெரியாமல் நடக்கும் கண்ணகியின் பின்னால், மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி வருகிறாள். நேர் எதிரே வந்து முகத்தைப் பார்க்கும் துணிவு அத்தெய்வத்துக்கே இல்லையாம்! அவள் ஒரு பழங்கதை சொல்கிறாள். கலிங்க நாட்டில் சிங்கபுரம், கபிலபுரம் என்ற இரு நகரங்களை ஆண்ட அரசர்களுக்குள் பகை. கபிலபுரத்திலிருந்து சிங்கபுரத்துக்கு நகை விற்க வந்த வணிகன் சங்கமனை, அரச ஊழியனான பரதன் ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொலை செய்ய வைத்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் தெருத்தெருவாக அழுது திரிந்தாள். பிறகு மலை ஏறிக் குதிக்கும்போது, எமக்கு இந்தத் துன்பம் செய்தவர் இதே துன்பத்தை அடைக என்று சாபமிட்டுப் போனாள். அந்தப் பரதன்தான் இப்பிறவியில் கோவலன் என்கிறது நூல்.

மறுபிறவி நம் விசுவாசத்தில் இல்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அந்தக் கேள்வியையே ஆண்டவர் ஏற்கவில்லை (யோவா 9:1-3). ஆகவே, ஒருவருக்கு வந்த துன்பத்துக்கு அவருடைய பழைய வினையைக் காரணமாகத் தேடும் வேலை நமக்கு வேண்டாம். ஆனால் இளங்கோவடிகள் இந்தக் கிளைக்கதையை எதற்காக இந்த இடத்தில் வைத்தார் என்று பார்க்கலாம். நகை விற்க வந்த ஒரு வணிகன், ஒரு பொய்க் குற்றச்சாட்டு, விசாரிக்காத ஓர் அரசன், தெருவில் அழும் ஒரு மனைவி, பதினான்கு நாள், ஒரு மலை. கண்ணகிக்கு நடந்தது எல்லாம் நீலிக்கு ஏற்கெனவே நடந்திருக்கிறது! நான்தான் முதலில் அடிபட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தவளிடம், உனக்கு முன்னால் ஒருத்தி இதே அழுகையை அழுதாள், அவள் விட்ட சாபம்தான் உன் வீட்டில் வந்து விழுந்தது என்று சொல்லப்படுகிறது. நீலி யாரைச் சபித்தாளோ அவனுக்கு அது போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனால் அதைச் சுமந்தவள், நீலியை ஒருநாளும் பார்த்திராத கண்ணகி.

அதன்பின் வரும் சாவுகள் வரிசையாக வருகின்றன. அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று ஆயர்குல மூதாட்டி மாதரி தீயில் விழுகிறாள். வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் உண்ணாமல் இருந்து உயிர் விடுகிறார். புகாரில் கோவலனின் தாய் செய்தி கேட்டு இறக்கிறாள், கண்ணகியின் தாயும் இறக்கிறாள். தந்தையர் இருவரும் சொத்தைத் தானம் செய்துவிட்டு, ஒருவர் புத்த சமயத் துறவியாகவும் மற்றவர் ஆசீவகத் துறவியாகவும் போகிறார்கள். மாதவி தன் மகள் மணிமேகலையோடு துறவு பூணுகிறாள். இந்தச் செய்திகளைச் சுமந்து சென்ற மாடலன் என்னும் மறையவன், என் வாய்ச் சொல்லால் இத்தனை பேர் இறந்தார்களே என்று வருந்திக் கங்கையில் நீராடப் போகிறான். ஒருவரும் யாரையும் வெட்டவில்லை, ஆனாலும் இரண்டு வீடுகள் காலியாகிவிட்டன.

இப்போது நூலிலேயே மிகக் கொடிய இடத்துக்கு வருகிறோம். இது பலர் கேள்விப்படாத பகுதி. பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது. வறுமையும் நோயும் பரவின. கொற்கையில் இருந்த இளவரசன் வெற்றிவேற் செழியன், பத்தினியின் சினம் இன்னும் தணியவில்லை என்று கருதி, ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான்.

ஆயிரம் பேர்! திருடியவன் ஒருவன். பிறந்த குலமும் செய்த தொழிலும் ஒன்று என்பதைத் தவிர இவர்கள் செய்த குற்றம் வேறு எதுவும் இல்லை. நீதி தவறிய அரசனால் ஒரு கோவலன் இறந்தான். அந்த அநீதியைச் சரி செய்கிறேன் என்று வந்த அரசனால் ஒரே பகலில் ஆயிரம் கோவலர்கள் இறந்தார்கள். அவர்களுக்கும் மனைவியர் இருந்திருப்பார்களே! ஆயிரம் கண்ணகிகள் கொற்கைத் தெருக்களில் அழுதிருப்பார்கள். அவர்கள் கையில் எந்தச் சிலம்பு இருந்தது, எந்த அரசவைக்குப் போவார்கள்? நூல் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பலிக்குப் பிறகு மழை பெய்தது, நாடு செழித்தது என்று மட்டும் சொல்கிறது. பழைய உலகத்தின் மனம் அப்படி இருந்தது, அதை மறைத்துப் பேசிப் பயன் இல்லை.

நம் திருவிவிலியத்திலும் ஏறக்குறைய இதே கதை இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சாமுவேல் இரண்டாம் நூல், 21-ஆம் அதிகாரம். ஞாயிறு வாசகங்களில் இது வருவதில்லை, அதனால் நாம் கேட்டிருக்க மாட்டோம். தாவீதின் காலத்தில் மூன்று ஆண்டுப் பஞ்சம். சவுல் முன்பு கிபயோனியரைக் கொன்ற இரத்தப் பழியே காரணம் என்று தெரிகிறது. தாவீது கிபயோனியரைக் கூப்பிட்டு, என்ன ஈடு வேண்டும் என்று கேட்கிறார். வெள்ளியும் பொன்னும் வேண்டாம், சவுலின் வழிமரபில் ஏழு ஆண்களைக் கொடுங்கள் என்கிறார்கள். அந்த எழுவர் தம் கையால் என்ன குற்றம் செய்தார்கள் என்று மறைநூல் சொல்லவில்லை. வாற்கோதுமை அறுவடை தொடங்கும் நாளில் ஏழு பேரும் மலைமேல் தூக்கிலிடப்படுகிறார்கள்.

கொற்கைக் கதையில் இல்லாத ஒருத்தி இங்கே வருகிறாள். சவுலின் வைப்பாட்டி இரிஸ்பா. இறந்த எழுவரில் இருவர் அவள் பிள்ளைகள். அவள் சாக்குத் துணியைப் பாறைமேல் விரித்து உட்காருகிறாள். அறுவடை தொடங்கிய நாள் முதல் மழை பெய்யும் வரை, பகலில் பறவைகளும் இரவில் காட்டு விலங்குகளும் அந்த உடல்களை நெருங்காதபடி விரட்டிக்கொண்டே இருக்கிறாள். தன் பிள்ளைகள் இருவரை மட்டும் அல்ல, எழுவரையும்! யாரையும் சபித்ததாக எழுதப்படவில்லை. எந்த ஊரும் எரியவில்லை. செய்தி தாவீதுக்குப் போகிறது. அவர் எழுந்து போய் யாபேசு-கிலயாதிலிருந்து சவுல், யோனத்தான் எலும்புகளைக் கொண்டுவந்து, தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து, முறையாக அடக்கம் செய்விக்கிறார். அதற்குப் பிறகுதான் நாட்டுக்காகச் செய்யப்பட்ட மன்றாட்டுக்கு இறைவன் செவிசாய்த்தார் என்று 14-ஆம் வசனம் சொல்கிறது. வரிசையைக் கவனித்துப் படியுங்கள். ஏழு பேர் தூக்கிலிடப்பட்டதும் இறைவன் செவிசாய்த்ததாக அங்கே எழுதவில்லை. இறந்தவர்களை மனிதர்களாக மதித்து அடக்கம் செய்த பிறகே அப்படி எழுதியிருக்கிறது. மறைநூல் வல்லுநர்கள் இதற்குப் பல விளக்கம் தரலாம். நமக்கு அந்தப் பாறையும் அந்தச் சாக்குத் துணியும் போதும்.

மேலைநாட்டாரின் துன்பியல் நாடகங்களிலும் இதே கணக்குத்தான். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் தந்தையின் கொலைக்குப் பழிவாங்கப் புறப்பட்ட இளவரசன், அதைச் செய்து முடிக்கும் முன் தன் காதலியின் தந்தையைக் கொன்றுவிடுகிறான். காதலி பித்துப் பிடித்து நீரில் மூழ்குகிறாள். அவள் அண்ணன் பழிவாங்க வாள் எடுக்கிறான். கடைசியில் அரண்மனையே பிணக்காடாகி, டென்மார்க் நாடு நார்வே இளவரசன் கைக்குப் போகிறது. அவன் தந்தையை முன்பொரு நாள் போரில் கொன்றவர் யார் தெரியுமா? ஹாம்லெட்டின் தந்தைதான்!

தொடக்கநூலில் இலாமேக்கு என்று ஒருவன் வருகிறான். காயினின் வழிமரபு. தன்னைக் காயப்படுத்திய ஓர் ஆளைக் கொன்றுவிட்டு, காயினுக்காக ஏழுமுறை பழிவாங்கப்படும் என்றால் எனக்காக எழுபத்தேழு முறை என்று தன் மனைவியரிடம் பெருமை பேசுகிறான் (தொநூ 4:23-24). ஒரு காயத்துக்கு ஓர் உயிர். அதற்கு மேல் எழுபத்தேழு மடங்கு. இந்தப் பின்னணியில் பார்த்தால்தான், கண்ணுக்குக் கண் என்ற மோசேயின் சட்டம் (விப 21:24) எவ்வளவு பெரிய கட்டுப்பாடு என்பது விளங்கும். ஒரு கண்ணுக்கு ஒரு கண் மட்டும், ஊரையே குருடாக்காதே என்பது அதன் பொருள். அந்தச் சட்டத்தை வெற்றிவேற் செழியனிடம் யாராவது படித்துக் காட்டியிருந்தால் 999 பேர் பிழைத்திருப்பார்கள். பேதுருவிடம் ஆண்டவர் மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது (மத் 18:22), இலாமேக்கு சொன்ன அதே எண்ணை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைக்கிறார் என்பதை விவிலிய அறிஞர்கள் சுட்டிக்காட்டுவதுண்டு.

இதெல்லாம் பழங்கதைதானே, இப்போது யார் ஆயிரம் பேரைப் பலியிடுகிறார்கள் என்று கேட்கலாம். 2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு பெண் மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது, கொதித்ததில் தவறும் இல்லை. டிசம்பர் 6-ஆம் நாள் விடியற்காலையில், கைது செய்யப்பட்டிருந்த நால்வரும் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த இடத்தில் மக்கள் கூடிப் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்க்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் வெளியானது. கொல்லும் நோக்கத்தோடுதான் அவர்கள் சுடப்பட்டார்கள் என்றும், அவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் அது முடிவு கூறியது. அந்த நால்வரின் குற்றத்தை எந்த நீதிமன்றமும் விசாரித்துத் தீர்ப்பு எழுதவில்லை, இனி எழுதவும் முடியாது. கொன்று கொண்டு வாருங்கள் என்று நெடுஞ்செழியன் சொன்னதைப் படித்து அவனைத் திட்டும் நாமே, அந்தக் காலையில் அதைச் சொல்லிக் கைதட்டினோம். மரண தண்டனையை எந்நிலையிலும் ஏற்க முடியாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ல் மறைக்கல்வியின் 2267-ஆம் எண்ணைத் திருத்தியபோது நம் மக்களிடையேயும் முணுமுணுப்பு இருந்தது. அந்த முணுமுணுப்பை நாம் அறிவோம்.

நம் மலைக்கே வருவோம். சவ்வாது மலையைச் சுற்றிய செங்கம் பகுதியில் நடுகற்கள் நிறைய உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களில் அவற்றைத் தேடித் தொகுத்து நூலாகவும் வெளியிட்டது. பெரும்பாலும் ஆநிரை கவர்ந்த சண்டையிலோ, கவர்ந்த மாட்டை மீட்ட சண்டையிலோ இறந்தவர்களுக்கு எடுத்த கற்கள். மாட்டைக் கொண்டு போனால் மீட்கப் போவார்கள், மீட்கும்போது ஒருவன் சாவான், அவனுக்காக அடுத்த கூட்டம் புறப்படும். எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல். அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதுகூட அதில் எழுதியிருக்கிறது. தலைவன் இறந்த பின்னும் அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்ததாம். நன்றியுள்ள நாய், பெயர் பெறத் தகுதியானதுதான். ஆனால் எதிர்ப்பக்கத்து மனிதர்களுக்கு அந்தக் கல்லில் பெயர் இல்லை. அவர்கள் வெறும் கள்வர்கள். அவர்களுடைய ஊரில் அவர்களுக்கும் ஒரு கல் நட்டிருப்பார்கள், அங்கே இவர்கள் கள்வராக இருந்திருப்பார்கள்.

இன்று மாடு இல்லை, வரப்பு இருக்கிறது. புளிய மரம் யார் பங்கில் நிற்கிறது என்பது இருக்கிறது. பெண் கொடுத்த இடத்தில் வந்த மனக்கசப்பு இருக்கிறது. தாத்தா காலத்தில் தொடங்கிய வழக்கைப் பேரன் சுமந்துகொண்டு ஆலங்காயம் வழியாக மலை இறங்கி நீதிமன்றத்துக்கு நடப்பதைப் பார்க்கிறோம். வக்கீலுக்கும் பேருந்துக்கும் செலவழித்த பணத்தில் அந்த நிலத்தைப் போல இரண்டு மடங்கு வாங்கியிருக்கலாம் என்பது இரு தரப்புக்கும் தெரியும். திருப்பலியில் சமாதானம் பகிருங்கள் என்று சொல்லும்போது எந்தெந்த இரண்டு பெஞ்சுகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்காது என்பது பீடத்திலிருந்து பார்க்கும் எந்தப் பங்குத்தந்தைக்கும் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். மன்னிப்பு என்ற சொல்லை, அடிபட்டவர்கள் வாயை மூடுவதற்காகப் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. குடிகாரக் கணவனிடம் அடி வாங்கும் பெண்ணிடம் பொறுத்துப்போ என்கிறோம். கூலி கொடுக்காமல் ஏமாற்றப்பட்டவரிடம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்கிறோம். இது நற்செய்தி அன்று. கண்ணகி அரசவைக்குப் போனது சரி, சிலம்பை உடைத்தது சரி, அரசன் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டியதும் சரி. அவள் வீட்டிலேயே உட்கார்ந்து அழுதிருந்தால் கோவலன் என்றைக்கும் திருடனாகவே இருந்திருப்பான். பழிவாங்குவதை இறைவனிடம் விட்டுவிடும்படி புனித பவுலடியார் உரோமையருக்கு எழுதுகிறார் (உரோ 12:19). காவல் நிலையத்தில் புகார் கொடுக்காதே என்று அவர் எழுதவில்லை. அநியாயத்துக்கு எதிராக அவரே சீசரிடம் மேல்முறையீடு செய்தவர்தான் (திப 25:11). அரசவைக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு வாசல்படி இருக்கிறது. கண்ணகி அந்தப் படியைத் தாண்டி வெளியே வந்த பிறகு நடந்ததைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வழக்கு நடக்கட்டும், தண்டனை கிடைக்கட்டும், அதற்குப் பிறகு மனம் என்ன செய்ய வேண்டும்? மத்தியப் பிரதேசத்தில் ஏழைப் பழங்குடி மக்களிடையே உழைத்த கேரளத்து அருள்சகோதரி ராணி மரியா, 1995 பிப்ரவரி 25-ல் ஓடும் பேருந்திலிருந்து இழுக்கப்பட்டுக் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவருக்குத் தண்டனை கிடைத்தது, சிறை சென்றார். கொலையுண்டவரின் தங்கை, அருள்சகோதரி செல்மி, 2002-ல் அந்தச் சிறைக்கே போய் அவர் கையில் ராக்கி கட்டி அண்ணனாக ஏற்றுக்கொண்டார். சகோதரியின் தாயார், தன் மகளைக் குத்திய அந்தக் கைகளை முத்தமிட்டார். விடுதலை பெற்ற அவர் பிறகு அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கே வந்து போகும் உறவானார். 2017 நவம்பர் 4-ல் இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார். இதை எல்லாரும் செய்ய முடியுமா என்றால், முடியாது என்றுதான் நமக்கும் தோன்றுகிறது. இரிஸ்பாவைப் போலப் பாறையில் உட்காரவும் எல்லாராலும் முடியாதுதான்.

மறுபடியும் சிலம்புக்கு வருவோம், கதை இன்னும் முடியவில்லை. பதினான்காம் நாள் கண்ணகி விண்ணகம் போவதைப் பார்த்தவர்கள் மலைவாழ் குறவர்கள். மலைப்பொருள்களோடு போய்ச் சேரன் செங்குட்டுவனிடம் சொன்னவர்களும் அவர்களே. (அரண்மனையில் யாருக்கும் தெரியாத செய்தி மலைக்காரர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை!) அவளுக்குச் சிலை எடுக்க இமயத்தில் கல் கொண்டுவரப் புறப்பட்ட செங்குட்டுவன், தமிழ் அரசரை இகழ்ந்து பேசிய கனகன், விசயன் என்ற வடநாட்டு மன்னர்கள் மேல் போர் தொடுத்து, அவர்கள் தலையிலேயே அந்தக் கல்லைச் சுமக்க வைத்தான். ஒரு விதவையின் கண்ணீரில் தொடங்கியது, வடநாட்டில் போய் ஒரு போராக முடிகிறது. ஊரை விட்டுப் போய் 32 மாதம் கழித்துத்தான் அவன் திரும்பி வந்தான். சிறைப்பட்ட மன்னர்களைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டி வரச் சொன்னான். அவர்களோ, தவ வேடம் பூண்டு தப்பப் பார்த்தவர்களைப் பிடித்து வந்தது ஒரு வெற்றியா என்று ஏளனம் செய்தார்கள். செங்குட்டுவனுக்கு மீண்டும் கண் சிவந்தது. அடுத்த போர் தொடங்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில் மாடலன் எழுந்து பேசினான். தான் கொண்டுபோன செய்தியால் பலர் இறந்தார்களே என்று கங்கைக்குப் போன அதே மாடலன். உன் முன்னோர்கள் எவ்வளவோ வென்றார்கள், இன்று அவர்களில் யார் இருக்கிறார்கள், உனக்கும் நரைத்துவிட்டதே, இனியாவது அறம் செய் என்றான். செங்குட்டுவன் கேட்டான். கனக விசயரைச் சிறையிலிருந்து விடுவித்து, விருந்தினர் போலத் தங்க வைக்கச் சொன்னான். நாட்டில் மற்றச் சிறைகளையும் திறக்கச் செய்தான். பின்பு கண்ணகி கோயிலில் விழா நடந்தபோது, இலங்கை மன்னன் கயவாகு முதலானோர் நின்ற வரிசையில், சிறைமீண்ட வடநாட்டு அரசர்களும் நின்றார்கள் என்கிறது நூல்.

வாழ்த்துக் காதையில் கண்ணகி தெய்வ வடிவில் செங்குட்டுவன் முன் தோன்றுகிறாள். மதுரையைக் கொளுத்தியவள், பாண்டியனைக் குற்றவாளி என்று நிறுத்தியவள், இப்போது சொல்வது வேறு. பாண்டியன் குற்றமற்றவன், அவன் வானவர் வேந்தனின் விருந்தினனாகிவிட்டான், நான் அவனுடைய மகள் என்கிறாள்! கணவனைக் கொன்றவனைத் தந்தை என்று அழைக்கும் இந்தச் சொல்லை எந்தச் சிலையும் நமக்குக் காட்டவில்லை, எந்தப் பள்ளி நாடகமும் நடித்துக் காட்டவில்லை.

கயவாகு வழியாக இலங்கைக்குப் போனதாகச் சொல்லப்படும் கண்ணகி வழிபாடு, மட்டக்களப்புத் தமிழர் ஊர்களில் இன்றும் நடக்கிறது. ஆண்டுதோறும் வைகாசியில் அவர்கள் எடுக்கும் விழாவின் முடிவில் வரும் சடங்குக்குக் குளிர்த்தி என்று பெயர். மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் வெம்மை தணிய, நீரால் அவளைக் குளிர்விக்கிறார்கள்.